குப்புசாமி மெட்ராஸ் போய் ஆடிய ஆட்டம்

கோழிமுட்டையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தது போன்ற ஒரு சிவப்புப் பந்தை ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் காஞ்சிபுரத்துக்குக் கொண்டு வந்தார். அறுபத்தெட்டில் எங்கள் வட்டாரத்தில் போர்வெல் போட வந்த என்ஜினீயர் அவர். நான் அப்போது சைக்கிள் கடை வைத்திருந்தேன். பந்துக்குக் காற்றடிக்க என்னிடம் வந்தார். அத்தோடு நானும் மாட்டிக்கொண்டேன்.

அவர் ஊர்க் கால்பந்தில் பந்தைக் கையால் பிடிக்கலாம், அடுத்தவன் தோள்மேல் ஏறியும் பிடிக்கலாம். வரிசையாக நட்ட நான்கு கம்புகளில் நடு இரண்டுக்கு ஊடே உதைத்தால் ஆறு பாயிண்ட். தோள்மேல் ஏறலாம் என்றதுமே எங்கள் தெரு ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். நெசவாளர்களுக்கு அமாவாசை அன்றுதான் தறிக்கு லீவு. அமாவாசைக்கு அமாவாசை வற்றிய ஏரியில் ஆட்டம். ஒரே வருஷத்தில் வாலாஜாபாத் அரிசி மில்காரர்கள் ஒரு டீம், திருப்பருத்திக்குன்றத்தில் இன்னொன்று. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் வேண்டுமாம். ஒன்பது பேர் தேறினாலே நாங்கள் ஆரம்பித்துவிடுவோம்.

எங்களில் உதைக்கத் தெரிந்தவன் குப்புசாமி. பகலெல்லாம் தறிக்குழியில் மிதித்து மிதித்து உரமேறிய கால். அந்தக் கோணல் பந்து அவனுக்கு மட்டும் சொன்னபடி கேட்டது. ஏரியில் வாய்விட்டுச் சிரிப்பான். ஏரியை விட்டால் சிரிக்க அவனுக்கு இடமில்லை. வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் பஞ்சாட்சரத்தோடு ஒரே தறி. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும்: நடுவில் மாப்பிள்ளை, ஓரத்தில் கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை ஓட்ட மாமனார். ஒருவர் எழுந்தால் மற்றவர் வேலையும் நின்றுவிடும். குப்புசாமி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கிழவர் திட்ட மாட்டார். நாடாவைக் கையில் பிடித்தபடி அவன் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

எழுபதில் ஓர் ஆஸ்திரேலியக் கப்பல் மெட்ராஸுக்கு வந்தது. மாலுமிகளோடு எங்களுக்கு ஒரு மேட்ச் ஏற்பாடு செய்துவிட்டார் என்ஜினீயர். கப்பலுக்கு அமாவாசையெல்லாம் தெரியுமா? ஆட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை. குப்புசாமி இல்லாமல் நாங்கள் போவதும் ஒன்று, போகாமல் இருப்பதும் ஒன்று.

நானே போய்க் கேட்டேன். குப்புசாமி தலை நிமிரவில்லை. அவன் மனைவி தில்லையம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரு நாளுதானே நைனா? அவரு போய்ட்டு வரட்டும். அவரு எடத்துல நான் உக்காந்து நெய்யறேன். எனக்குத் தெரியாத வேலையா?"

"நான் வேணாம்னா சொன்னேன்? போய்ட்டு வாங்க மாப்ளே" என்றார் பஞ்சாட்சரம்.

மேட்சில் தோற்றோம், நன்றாகவே தோற்றோம். ஆனால் எங்கள் பாயிண்ட் எல்லாம் குப்புசாமி உதைத்தது. மாலுமிகள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவன் வாய் ஓயவில்லை.

"அடுத்த வாட்டி கப்பல் வந்தா ஜெயிச்சுடலாம்டா பூவராகவா. தில்லை தறியைப் பாத்துக்குவா. இனிமே எனக்கு இன்னா கவலை?"

கல்யாணத்துக்குப் பிறகு அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பொழுது சாய அவனோடு நானும் வீட்டுக்குள் நுழைந்தேன். பஞ்சாட்சரம் தறியோரத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் நாடா. சேலை காலையில் விட்ட இடத்திலேயே நின்றது. தில்லையம்மாள் அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"என்னைக் கிட்டயே வுடலைங்க. பச்சத் தண்ணி பல்லுல படல. காலைலேர்ந்து இப்படியே உக்காந்துக்கினு இருக்காரு" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த பொண்ணு நெய்தா ஆகாதா, பெரியவரே?" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்துட்டீங்களா மாப்ளே?" என்றார், கோபமே இல்லாமல். "நீங்க சாப்ட்டு வாங்க. நான் இருக்கேன்."

குப்புசாமி கால்கூடக் கழுவவில்லை. மைதானத்துப் புழுதியோடு குழியில் இறங்கி உட்கார்ந்தான்.

"இனிமே எங்கயும் போகல மாமா. ஒரு வாய் சாப்டுங்க" என்றான்.

அதற்குப் பிறகுதான் கிழவர் நாடாவைக் கீழே வைத்தார்.