திரைக்குப் பின்னால் இன்னொரு றேடியோ

வானொலியைப் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் அதைக் கேட்க மட்டும் செய்கிறவர்கள். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊராருக்குத் தமிழில் எடுத்துச் சொல்கிறவளைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் இங்கிலீஷ் படித்த ஒரே பிள்ளையாய்ப் பிறந்து, அயலாரின் தந்தி, மருந்துப் போத்தல், கோர்ட்டுக் கடுதாசி எல்லாவற்றையும் வாசித்து வாசித்து அலுத்துப்போன சகோதர சகோதரிகளுக்கு என் தொழில் உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரண்டு சாமான்

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நான் அங்கே சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். குருநாகலில் கடை வைத்திருந்த ஐயா, என் தகப்பனார், அலறியடித்துக்கொண்டு வந்து, கொழும்பிலிருந்து இரண்டு சாமான்களைக் வடக்கே தீவில் இருக்கும் எங்கள் ஊரான கரம்பொனுக்குப் பத்திரமாகக் கொண்டுபோனார். ஒன்று, கடைக்கென்று வாங்கி வைத்திருந்த பற்றறி றேடியோ. மற்றது நான். றேடியோவை வைக்கோல் வைத்துச் சாக்கால் சுற்றி மடியில் வைத்திருந்தார். எனக்கு ரயிலில் இருக்க இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டு வந்தேன். ஊருக்கு வந்ததும் றேடியோவை வாசிகசாலைக்கு நன்கொடையாகக் கொடுத்தார். கூடவே என்னையும் கொடுத்துவிட்டார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

சில மாதங்களில் கொழும்பில் வகுப்புகள் மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கின. என்னோடு படித்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். எனக்குக் கடைசி வருஷம் மட்டுமே மிச்சம். நான் நியாயம் பேசினேன், அழுதேன், ஒரு நேரம் சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். ஐயா கோபிக்கவே இல்லை. கோபித்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். "கொழும்பிலை இனிப் பயமில்லையெண்டு றேடியோ சொல்லட்டும். அண்டைக்கே அனுப்பிறன்."

சீலையும் கயிறும்

பின்னேரத்தில் வரும் லண்டன் செய்தியை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் இரண்டு நாள் முயன்றுவிட்டு, லண்டன்காரன் வாசிக்கிற வேகத்துக்குத் தன்னுடைய இங்கிலீஷ் ஓடாது என்று ஒதுங்கிக்கொண்டார். தமிழில் வரும் செய்தியைக் கேட்டால் போதாதா என்று நான் கேட்டேன். தமிழில் சொல்வது நமக்காகச் சொல்வதாம். இங்கிலீஷில் சொல்வதுதான் அவன் தனக்காகச் சொல்வதாம். இது ஊரின் தீர்மானம். இதில் மட்டும் எனக்கும் ஊருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் வாசிகசாலை ஆண்களின் இடம். பெண்பிள்ளை உள்ளே வந்து கதிரையில் இருக்கலாமா என்று நிர்வாகசபை கூடி ஆராய்ந்தது. கடைசியில் மூலையில் ஒரு கயிறு கட்டி, அதில் பழைய சீலை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் எனக்கு உட்கார ஒரு வாங்குப் பலகை போட்டார்கள். முன்னால் ஒரு பெட்டி கதைக்கும். மூலையிலிருந்து ஒரு சீலை கதைக்கும். இந்த அவமானத்தை நான் நீட்டி முழக்கி எடுத்துரைத்தபோது, வாசிகசாலைக் காரியதரிசி வேலுப்பிள்ளை அண்ணை பொறுமையாகக் கேட்டார். றேடியோவின் குமிழைத் திருகும் உரிமை ஊரிலே அவர் ஒருவருக்குத்தான். "பிள்ளை, குறை நினையாதையும். லண்டனிலை வாசிக்கிறவனையும் நாங்கள் ஒருநாளும் காணேல்லைத்தானே. காணாட்டில்தான் மதிப்பு."

சிரித்த குரல்

வீட்டில் நான் ஒரு விஷயம் சொன்னால் அது வாய்க்காரியின் வாய். அதையே பெட்டி சொன்னால் செய்தி. பெட்டி சொன்னதை நான் சொன்னால் அதுவும் செய்தி. ஆனால் செய்தி இனிப்பாக இருக்கும்வரைக்கும்தான். ஒருநாள், பிரிட்டிஷ் படைகள் முன்னரே ஆயத்தம் செய்த இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன என்று லண்டன்காரன் வாசித்தான். நான் அதை நேர்மையாகத் தமிழாக்கினேன்: "எங்கள் படை பின்வாங்கிவிட்டது."

திரைக்கு முன்னால் ஒரே கதிரைச் சத்தம். அருளம்பலம் அம்மான் எழும்பிவிட்டார் என்று தெரிந்தது. அவர் மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்சன் எடுத்து வந்தவர். சிங்கப்பூர் விழுந்தபோதுகூட அது விழவில்லை என்று ஒரு கிழமை வாதாடியவர். அவன் மூடிச் சொன்னதை நான் திறந்து சொன்னேன், அதுதான் மொழிபெயர்ப்பு என்றேன். அம்மான் விடவில்லை. "அவன் சிரிச்ச குரலிலை சொன்னதை நீர் செத்தவீட்டுக் குரலிலை சொல்லுறீர். உது மொழிபெயர்ப்போ? எங்களுக்கு அவன்ரை குரல் விளங்குது, பிள்ளை. இங்கிலீஸ்தான் விளங்கேல்லை."

ஒருவழிப் பாதை

திரையால் விளைந்த ஒரே நன்மை, அதற்குப் பின்னால் பெண்களும் வரலாம் என்று யாரும் தடை போட நினைக்காததுதான். முதலில் வந்தவள் பக்கத்து வளவுச் செல்லம்மா அக்கா. அவளுடைய புருஷனுக்குத் தெற்கே காலி என்ற பட்டினத்தில் கடை. ஒவ்வொரு பின்னேரமும் செய்தி முடிந்ததும், "காலியைப் பற்றி ஏதும் சொன்னவனோ?" என்று கேட்பாள். இல்லை என்பேன். ரஷ்யாவில் பனி பெய்கிறது, ஆபிரிக்காவில் மணல் பறக்கிறது. காலியில் ஒன்றும் இல்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், அவனிடம் ஒருக்கால் கேட்டுப் பார் என்றாள். அவன் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவனுக்குக் கேட்காது என்று விளக்கினேன். மின்காந்த அலை, அனுப்பும் இயந்திரம், வாங்கும் இயந்திரம் என்று எனக்கே அரைகுறையாய்த் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். "விளங்குது, தங்கச்சி. தான் கதைப்பார், மற்றவை கதைச்சாக் கேளாது. உந்த வருத்தம் எங்கட ஆம்பிளையளுக்குத்தான் எண்டு நினைச்சன். இயந்திரத்துக்கும் வருமோ?"

ஒழுக்கக் கேடு

பற்றறியை வள்ளத்தில் யாழ்ப்பாணம் அனுப்பித்தான் சார்ஜ் ஏற்றவேண்டும். ஆகையால் செய்தி தவிர வேறெதற்கும் றேடியோவைத் திருப்பக்கூடாது என்பது வாசிகசாலையின் கண்டிப்பான சட்டம். அந்தச் சட்டத்தை மதித்து, வேலுப்பிள்ளை அண்ணை செய்திக்குக் கால்மணி முன்னதாகவே குமிழைத் திருகி, "ஸ்டேசன் பிடிக்கிறன்" என்பார். எப்படியோ தினமும் இந்தியாப் பக்கத்து ஸ்டேஷன்தான் முதலில் பிடிபடும். அதில் எப்படியோ தினமும் ஒரு சினிமாப் பாட்டுக்காரி காதல் பாடிக்கொண்டிருப்பாள்.

திரையின் ஓட்டையால் பார்த்தேன். உபாத்தியாயரின் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. அருளம்பலம் அம்மான் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை மட்டும் கோபமாக வைத்திருந்தார். "உது குடும்பப் பிள்ளையள் இருக்கிற இடத்திலை கேக்கிற பாட்டில்லை, வேலுப்பிள்ளை. முடிஞ்சவுடனை நிப்பாட்டும்."

ஒரு வரி

குண்டு விழுந்த ஊரைப் பற்றித்தான் செய்தி வரும், விழாத ஊரைப் பற்றி வராது, ஆகவே கொழும்பின் பெயர் வராததே கொழும்பு நல்லாயிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி என்று ஐயாவிடம் வாதாடினேன். இதைவிடத் தெளிவான நியாயத்தை நான் வாழ்நாளில் பேசியதில்லை. ஐயா வெற்றிலையை மென்றபடி, "சொல்லட்டும்" என்றார்.

செல்லம்மா அக்காவுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "தமிழிலை சொல்லுறது நீதானே. கொழும்பிலை பயமில்லையாம் எண்டு ஒரு வரி சேத்துச் சொல்லன். ஆருக்குத் தெரியும்?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வரி பொய் சொன்னால் இதுவரை சொன்ன உண்மையெல்லாம் பொய்யாகிவிடும், அருளம்பலம் அம்மான் சொன்னது சரியென்றாகிவிடும், படித்தவள் செய்யும் காரியமா இது என்று பொரிந்து தள்ளினேன். அவள் எழும்பிச் சீலையை உதறிக்கொண்டாள். "இவ்வளவு படிச்சும் ஒரு பொய் சொல்ல ஏலாதெண்டால், உன்னை என்னத்துக்குத் திரும்பவும் படிக்க அனுப்பவேணும்?"

நல்ல தண்ணி

ஒருநாள் ஐயாவும் முன்வரிசையில் இருந்தார். பசிபிக் சமுத்திரத்தில் ஏதோ ஒரு சின்னத் தீவுக்காக இரண்டு பக்கமும் கடும் சண்டை என்று செய்தி. வழக்கம்போலச் சொல்லி முடித்தேன். வழக்கமாக எழும்புகிற கூட்டம் அன்று எழும்பவில்லை. ரஷ்யாவைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? தீவு என்றால் வேறு விஷயம், நாங்களும் தீவார்தானே.

"எத்தினை மைல் நீளம்?" என்று ஒரு குரல். "பனை நிக்குதோ?" என்று இன்னொன்று. "வாடைக் காத்துக்கு வள்ளம் அணையுமோ?" கடைசியாக அருளம்பலம் அம்மான் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் கிடக்கட்டும். அங்கை கிணத்திலை நல்ல தண்ணியோ, உவரோ?"

எத்தனையோ பின்னேரங்கள் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து நான் மறுமொழி சொல்லாமல் விட்ட கேள்வி கிடையாது. அன்றைக்கு, "எனக்குத் தெரியாது" என்றேன்.

பிறகு அருளம்பலம் அம்மான், என்னிடம் அல்ல, ஐயாவிடம் திரும்பினார். "பொன்னையா, குறை நினையாதையும். இவ்வளவு செலவழிச்சுக் கொழும்பிலை வைச்சுப் படிப்பிச்சனீர். ஒரு தீவிலை குடிக்கத் தண்ணி இருக்கோ இல்லையோ எண்டு பிள்ளைக்குத் தெரியேல்லை. தண்ணி இல்லாத தீவுக்கு ஆரும் சண்டை பிடிப்பினமோ? அப்ப இவ்வளவு நாளும் சொன்ன செய்தியை எப்பிடி நம்புறது?"

றேடியோவும் ஐயாவுடையது, பிள்ளையும் ஐயாவுடையது. இரண்டில் ஒன்று பழுது என்று சபையில் சொல்லப்பட்டுவிட்டது. ஐயா எழும்பினார். "அவள் இன்னும் படிச்சு முடிக்கேல்லை, அம்பலத்தார். உந்தத் தீவு, தண்ணி விசயமெல்லாம் கடைசி வருசத்திலைதான் படிப்பிக்கிறவை."

நான் படிப்பது இங்கிலீஷ் இலக்கியம். அதில் கடைசி வருஷத்திலும் கிணறு கிடையாது. சும்மா காற்றோடும் வாதாடுகிற நான், அன்றைக்குத் திரைக்குப் பின்னால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். செல்லம்மா அக்கா தன் முந்தானையையும் சேர்த்துத் தந்தாள். முன்னால் வேலுப்பிள்ளை அண்ணை சபையின் கருத்தைச் சுருக்கிச் சொன்னார். "அப்ப முடிச்சுப்போட்டு வரட்டும், முதலாளி. அரைகுறைப் படிப்போடை உலகச் செய்தி சொல்ல ஏலாது. அதுவரைக்கும் நாங்கள் பாட்டைக் கேட்டுச் சமாளிப்பம்."

அடுத்த கிழமை ஊர்காவற்றுறைத் துறையில் என் பெட்டியை ஐயாவே வள்ளத்தில் ஏற்றினார். கொழும்பில் பயமில்லையென்று றேடியோ சொல்லிவிட்டதா என்று கேட்க நாக்குத் துடித்தது. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "றேடியோ இன்னும் சொல்லேல்லைத்தான். ஆனா ஊர் சொல்லிப்போட்டுதே. என்ன செய்யிறது? தண்ணிப் பாடத்தை மட்டும் வடிவாக் கவனி."

ஆகவே, படித்ததையெல்லாம் எடுத்துக் காட்டி மேலே படிக்க அனுமதி கேட்டுத் தோற்றுப்போன சகோதரிகளே, ஊர் கூடியிருக்கும் நேரம் பார்த்து ஒரே ஒரு தரம் "தெரியாது" என்று சொல்லிப் பாருங்கள்.