சிறுசேரிக்குப் போன சாப்பாட்டு டப்பா

காலை எட்டே முக்காலுக்குக் கிழக்கு தாம்பரத்தில் பஸ் ஏறினேன். மடியில் பையோடு மகன் கார்த்திக்கின் சாப்பாட்டு டப்பா. ஷூ ரேக் மேல் வைத்துவிட்டு மறந்து போய்விட்டான். சிறுசேரியில் வேலை. வெளிச் சாப்பாடு அவன் வயிற்றுக்கு ஆகாது, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். சாதாரண பஸ், பெண்களுக்கு டிக்கெட் இலவசம்.

கேம்ப் ரோடு சிக்னலிலேயே வெகுநேரம் போயிற்று. தூறல் வேறு. பக்கத்தில் ஒரு பெண், கழுத்தில் ஆபீஸ் கார்டு, மடியில் என்னுடையது போலவே ஒரு பை. செம்பாக்கம் தாண்டும்போது பேச்சுக் கொடுத்தேன்.

"இன்னைக்கு என்னம்மா லஞ்ச்?"

"தெரியல ஆன்ட்டி. அம்மா கட்டினாங்க."

அடி மகராசி, திறந்துகூடப் பார்க்கவில்லையா என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டேன்.

மேடவாக்கம், பெரும்பாக்கம், அப்புறம் சோழிங்கநல்லூர். இறங்கியதும் அவள் டீக்கடைப் பக்கம் இருந்த குப்பைத் தொட்டிக்குப் போய் டப்பாவைத் திறந்து கவிழ்த்தாள். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சோற்றில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. கிட்டே போனேன்.

"என்னம்மா, கெட்டுப்போச்சா?"

"இல்ல ஆன்ட்டி. ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து ஆர்டர் பண்ணிடுவோம். நான் மட்டும் டப்பாவத் தொறந்தா ஒரு மாதிரி இருக்கும். அங்க போய்க் கொட்டினா ஹவுஸ்கீப்பிங் அக்கா பாக்கறாங்க."

"அம்மாகிட்ட வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. நீ சாப்பிடலைன்னா எனக்கும் எறங்காதுன்னு பட்டினி வேற. டப்பா காலியா வந்தா நிம்மதியா இருக்காங்க." பாட்டில் தண்ணீரை ஊற்றி டப்பாவை அலசிக்கொண்டாள். "எங்க டீம்ல நெறைய பேர் இப்படித்தான் ஆன்ட்டி."

அந்தப் பட்டினி வசனம் நானும் பேசுவதுதான். என் வீட்டுக்கும் டப்பா தினமும் அலசித்தான் வருகிறது. எவ்வளவு பொறுப்பான பிள்ளை பார் என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

சிறுசேரிக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். நாவலூர் தாண்டும்வரை ஒன்றேதான் மனசில் ஓடியது. அவன் நிஜமாகவே மறந்துதான் போனானா?

ஆபீஸ் கேட்டுக்கு வெளியே கார்த்திக் வந்தான். "எதுக்கும்மா இவ்ளோ தூரம்?" பையை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். "ஆறிடப் போகுது, நேரத்துக்குச் சாப்பிடு" என்றுதான் வந்தது.

திரும்பும்போது கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்த்ததாக ஞாபகமில்லை. சோழிங்கநல்லூர் வழியாகப் போக மட்டும் மனசு வரவில்லை.

சாயங்காலம் டப்பா வந்தது. காலி, அலசியது.

"எப்படிடா இருந்துச்சு?"

"சாம்பார் சூப்பர்மா."

நான் கட்டியிருந்தது மோர்க்குழம்பு.

மறுநாள் அரிசி களையும்போது கை தயங்கியது. ஒரு பிடி குறைத்தாலும் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். வழக்கமான அளவே போட்டேன்.