ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ரத்தம்

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூர் தொழிற்பேட்டையில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் லேத் ஆபரேட்டராக இருந்தேன். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அப்பா இல்லை. அம்மாவும் தங்கையும் என்னோடு இருந்தார்கள். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

முதலில் ஒரு கண் மங்கியது. தானாகவே தெளிந்தும் விட்டது. பிறகு கால் மரத்துப்போக ஆரம்பித்தது. நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளும். வெயில் ஏறினால் பேச்சும் குழறும். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நம் நரம்புகளின் மேலுறையை அரிக்கிற நோய். ஊசி போட்டார்கள், கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போகாது என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. நரம்பு வியாதி என்றாலே பரம்பரை என்பார்கள். அப்புறம் தங்கையை யார் கட்டுவார்கள்?

கம்பெனியில் என் தள்ளாட்டத்தைப் பார்த்தவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். பார்டரைத் தாண்டினால் அத்திப்பள்ளியில் பிராந்திக் கடைகள். "என்னாப்பா, காலையிலயே அத்திப்பள்ளி போயிட்டு வந்துட்டியா?" என்று கேட்பார்கள். நான் மறுக்கவில்லை, சிரித்து வைத்தேன். குடியை நாளைக்கே விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், இந்த வியாதியை அப்படிச் சொல்ல முடியுமா? குடிகாரன் என்ற பெயரே தேவலை என்று தோன்றியது.

பக்கத்து மிஷினில் வேலை செய்தவர் சிங்காரப்பேட்டைக்காரர், என் வயதுதான். பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருவர்தான் என்னைத் திருத்தப் பார்த்தார். அம்மா முகத்தைப் பார், தங்கச்சியை நினைச்சுப் பார் என்று சாப்பாட்டு நேரமெல்லாம் சொல்வார். கடைசியில் அவருக்கும் அலுத்துவிட்டது.

ஒரு மாலை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கால் மடங்கி விழுந்துவிட்டேன். எழ முடியவில்லை. பாய் அந்தப் பக்கமாக வந்தார். என்னைப் பார்த்து நின்றார். பேசினால் குழறும், பேசாவிட்டால் கேள்வி கேட்பார். கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் போய்விட்டார். நல்லவேளை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த முறை பெங்களூர் போனபோது டாக்டரம்மா ஒரு விஷயம் கேட்டார். கன்னடக்காரர், தமிழ் கொஞ்சம் பேசுவார். இந்த நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் ஜீன்களை ஆராய்கிறார்களாம். என் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, என் வயதில், எங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஆரோக்கியமான ஆள் ஒருவரை அழைத்து வர முடியுமா என்றார். ஜீன் என்றதும் எனக்கு உதறல். பரம்பரைதான் என்று தீர்ப்பு எழுதப்போகிறார்களோ? ஆனாலும் மருந்துக்கு வழி பிறக்குமோ என்று ஒரு நப்பாசை. கேட்பதற்கு பாயை விட்டால் ஆள் இல்லை.

"பெங்களூர்ல ஒரு டெஸ்ட் பாய். கூட ஒரு ஆள் ரத்தம் குடுக்கணுமாம்" என்று மட்டும் சொன்னேன். குடியை நிறுத்த வைத்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டார். சந்தோஷமாக லீவு போட்டுவிட்டு வந்தார்.

ரத்தம் எடுக்கும் முன் டாக்டரம்மா எங்கள் இருவரிடமும் கேள்வி கேட்டார். என்னிடம், "குடி உண்டா?" என்றார்.

"இல்லை மேடம்."

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டர்கிட்ட போய் பொய் சொல்றியேப்பா! மேடம், இவன் நல்லா குடிப்பான். ரோட்டுல விழுந்து கெடந்ததை என் கண்ணால பார்த்தேன்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "குடிச்சிருந்தா இந்த ரத்தம் எங்களுக்கு ஆகாது. நிஜம் சொல்லுங்க."

இரண்டு பேர் முன்னாலும் வாயைத் திறந்தாக வேண்டியிருந்தது. "எனக்கு நரம்பு வியாதி பாய், ரெண்டு வருஷமா இருக்கு. நான் குடிச்சதே இல்ல" என்றேன்.

அவர் நம்பாமல் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா நோயை விளக்கிவிட்டு, பரம்பரையோ என்ற என் பயத்துக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். அவர்கள் தேடுவது பரம்பரையை அல்ல. எல்லோர் உடம்பிலும் ஏறக்குறைய அதே ஜீன்கள்தான். இப்போது ரத்தத்தில் எது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்களாம்.

"ஷெட்டுல எல்லா மிஷினும் இருக்கு, அதுல எது ஓடுதுன்னு பார்க்கிறாங்க, அதானே?" என்றார் பாய் மெதுவாக. பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரும்பும் பஸ்ஸில் பாய், அத்திப்பள்ளி வந்ததும் சொன்னார். "அன்னைக்கு உன்னைத் தூக்காம போயிட்டேனேப்பா. அல்லா என்னை மன்னிக்கணும்."

எனக்கு உடம்பே கூசிப்போனது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அவர் வந்து நின்றபோது எனக்கு சுயநினைவு இருந்தது, கண்ணை வேண்டுமென்றேதான் மூடினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஓசூர் வரும்வரை விடவில்லை.

அன்றே வீட்டிலும் சொன்னேன். அம்மா அழுதார். தங்கை அழவில்லை.

"கிருஷ்ணகிரி இடம் எதுக்கு தட்டிப்போச்சுன்னு தெரியுமாண்ணா? 'அண்ணன்காரன் குடிகாரனாம்'னு அவங்க வீட்டுப் பொம்பள என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. நீ மனசு ஒடஞ்சு போவேன்னு உன்கிட்ட சொல்லல."

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அந்தப் பெயரைச் சுமந்தேன். அதுவே அவள் தலையில் விழுந்திருக்கிறது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு கம்பெனியில் பாயே எல்லோரிடமும் எடுத்துச் சொன்னார். உட்கார்ந்து பார்க்கும் வேலையாக, என்னை ஸ்டோரில் போட்டார்கள். அடுத்ததாகத் தங்கையைப் பெண் பார்க்க வந்தவரிடம் என் நோயைப் பற்றி நானே சொன்னேன். கேட்டுக்கொண்டார், அவளைக் கட்டிக்கொண்டார். எங்கள் ரத்தத்தில் என்ன கண்டுபிடித்தார்கள் என்பது எங்களுக்குத் தெரிய வரவில்லை.

கைத்தடியோடுதான் இப்போது நடக்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் என் உடம்பைப் பற்றி நான் வளரவிட்ட பொய் என்னோடு போகும் என்று நம்பி, என்னிடம் அன்பாக இருந்த இரண்டு பேரை இப்படி நோக விட்டேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் கூனிக் குறுகிப் போகிறேன்.