ரோசலின் மிஸ்ஸியின் முன்விளக்குகள்

செய்தி வந்தபோது நான் ஒரு காய்கறி லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். ரோசலின் மிஸ்ஸி காலையில் தானா ராத்தா மருத்துவமனையில் இறந்துவிட்டார், இதயம் நின்றுவிட்டது என்று தேவாலயத்திலிருந்து அழைத்துச் சொன்னார்கள். முதல் நாள்தான் தன் வேனின் வைப்பர் சரியில்லை என்று அடுத்தடுத்து மூன்று குரல் பதிவுகள் அனுப்பியிருந்தார். எரிச்சலில் நான் பதில் போடவில்லை. அவரை அறிந்து இன்று அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்த எரிச்சல் புதிதல்ல.

தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் தாதியாக, எங்கள் பேச்சில் மிஸ்ஸியாக, இருந்தவர் ஓய்வு பெற்றதும், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த பழைய வேன் வீடு ஒன்றை வாங்கினார். ஊர் சுற்றப் போகிறார் என்றுதான் நினைத்தோம். அவரோ தோட்டத்து வயசாளிகளைக் கண் சிகிச்சைக்கு மலையிறங்கி ஈப்போ நகரத்துக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தார். திரும்பி மலை ஏறுவதற்குள் இருட்டிவிடும். “மெழுகுவத்திய புடிச்சிக்கிட்டு வளைவுல போற மாதிரி இருக்கு தம்பி. எல்.இ.டி. போட்டுக் குடு” என்று என் பட்டறைக்கு வந்தார்.

பல்பை மட்டும் மாற்றினால் வெளிச்சம் தாறுமாறாகச் சிதறும், விளக்கையே முழுதாக மாற்ற வேண்டும், ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். பொறுப்பாரா? இணையத்தில் பல்பு வாங்கித் தானே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ரிங்லெட் ஊருக்கு மேலே மலைப்பாதையில், மூடுபனியில் எதிரே வந்த லாரிக்காரர் முனியாண்டி கண் கூசி, சக்கரத்தை ஓரத்து வடிகாலில் இறக்கிவிட்டார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பிறகு முனியாண்டியே என்னிடம் சொன்னார்: “சண்டைக்குத்தான் எறங்கினேன். அந்தம்மா நாடிய புடிச்சிப் பாத்துட்டு, தப்பு என் லைட்டுதான்னு சொல்லிடுச்சி. அப்புறம் என்னத்த சண்ட போடுறது.”

அது நடந்த மறுநாள் காலை பட்டறை திறக்குமுன் மிஸ்ஸி வாசலில் நின்றார். “நீ சொன்னது சரின்னு சொல்ல வரல. வேலைய ஆரம்பி.”

விளக்குகளையும் உள்ளே போகும் மெல்லிய வயர்களையும் மாற்றினேன். சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டு, ஒளி அதற்குக் கீழே விழும்படி திருகி வைத்தேன். எனக்கே திருப்தியான வேலை. மூன்றாம் நாள் திரும்பி வந்தார். கண் கூசுகிறது என்று எதிரில் வருகிற எல்லாரும் இன்னும் அவரைப் பார்த்து விளக்கடிக்கிறார்களாம். கோட்டைக் காட்டினேன், சரியாக இருந்தது. மறுபடி வந்தார், மறுபடி காட்டினேன். நாலாவது முறை எனக்குப் பொறுமை போய்விட்டது. வண்டியில் குறையில்லை, ஓட்டுவதில்தான் குறை, கம்போங் ராஜாவில் வேறு பட்டறை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஆறு வயசாளிகளை ஏற்றிக்கொண்டு, தொட்டி நிறையத் தண்ணீரோடு வந்து அதே சுவருக்கு எதிரே நிறுத்தினார். இருட்டாக்கப் பட்டறைக் கதவை இறக்கிவிட்டு, விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. ஒளி கோட்டுக்கு ஒரு சாண் மேலே அடித்தது.

“காலி வண்டிக்கா லைட்டு போட்டே? நான் ஆள ஏத்திக்கிட்டுப் போறவ லா.”

ஒரு மணி நேரம் அவர்களை உட்கார வைத்தே திருத்தினேன். கண்ணில் கட்டோடு இருந்த ஒரு தாத்தாகூட, இன்னும் கொஞ்சம் இறக்கு என்று யோசனை சொன்னார். மிஸ்ஸி வண்டி அடுப்பிலேயே தேநீர் போட்டு முதல் கோப்பையை எனக்குத் தந்தார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கடுப்படித்தேன்.

“நீ கேட்டியா?”

கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் எவரிடமும் கேட்டதில்லை. அதன்பிறகு அவரைப் பார்த்து யாரும் விளக்கடிக்கவில்லை என்று அந்த வயசாளிகள் சொல்லித்தான் தெரியும். அவரும் அதை என்னிடம் சொல்லவில்லை, வைப்பருக்குத் தாவிவிட்டார்.

இப்போது விளக்குத் திருத்த வருகிறவர்களிடம், வண்டியில் என்ன ஏற்றுவீர்கள், யார் யார் உட்காருவார்கள் என்று கேட்கிறேன். அதையெல்லாம் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன். முகம் சுளித்துக்கொண்டு போகிறார்கள். மிஸ்ஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தொந்தரவுதான். நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒரு தடவை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.