ஹவில்தார் சித்தி

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒரு ராணுவப் பதவி இருந்தது. லான்ஸ் நாயக். கொடுத்தவர் சித்தப்பா. அவர் நிஜமாகவே ராணுவத்தில் இருந்ததால் அந்த நியமனத்தை வீட்டில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

லீவில் எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மாடல் இருக்கும். கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள், உள்ளங்கை அகல டாங்கி, எல்லாம் துண்டு துண்டாகச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அவர் வெட்டித் தருவார், நான் உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்ப்பேன். "பிசிறே இல்லாமத் தேய்ச்சிருக்கியே பாப்பா" என்று அவர் ஒரு தடவை சொன்னதை நான் வகுப்பில் நான்கு பேரிடம் சொல்லியிருந்தேன்.

அந்த வருஷம் ஆவணியில் அவருக்குக் கல்யாணம் ஆனது. பேராவூரணியிலிருந்து சித்தி வந்தாள். கல்யாணமான ஆறாம் நாளே சித்தப்பா கிளம்பிப் போய்விட்டதால் சித்தியால் எனக்கு ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. சொல்லப்போனால் அவளை எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. தை மாதம் அவர் இருபது நாள் லீவில் வந்தபோதுதான் எல்லாம் கெட்டது.

இந்த முறை வெறும் மாடல் இல்லை, ஒரு காடு. அவர் அப்போது இருந்த வடகிழக்குக் காட்டைப்போலவே செய்யப் போவதாகச் சொன்னார். நடுவே ஓடை, ஓடைக்கரையில் மூங்கில் கம்பங்கள் மேல் நிற்கும் ஒரு குடிசை, சேற்றில் பாதி புதைந்த ஜீப், ஐந்து சிப்பாய்கள். இதற்கு டயோரமா என்று பெயராம். எங்கள் வீட்டில் அதைப் பொம்மைக்காடு என்றார்கள். கூடத்து ஜன்னலோரம் பழைய கேரம் போர்டைப் போட்டு, அதன்மேல் பலகை வைத்து வேலை ஆரம்பமானது.

அறுவடைக் காலம். வீட்டில் எந்நேரமும் ஆள் நடமாட்டம். காலையில் சித்தப்பா வயலுக்குப் போவார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பொம்மைக்காட்டின் முன் உட்காருவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் தெர்மாகோலில் ஒரு மேடு எழும்பியிருக்கும், அல்லது ஒரு மரம் நட்டிருக்கும். நட்டது சித்தி.

எனக்கு இருந்த ஒரே வழி, அவளால் முடியாத எதையாவது கொண்டுவருவது. வாய்க்காலில் இறங்கி, பாவாடை நனைய, பச்சைப் பாசியை அள்ளி வந்தேன். காட்டுக்கு நிஜப் பாசி! சித்தப்பா ஓடைக்கரை முழுக்க ஒட்டினார். இரண்டே நாளில் அது கறுத்து, கூடமே நாற ஆரம்பித்தது. "இந்த நாத்தத்தை எடுத்து வெளிய போடுங்க" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்.

"பன்னாடை வச்சுப் பார்க்கலாமாங்க?" என்றாள் சித்தி.

அவள் அவரைத் திட்டுகிறாள் என்று நினைத்து நான் சந்தோஷமாகச் சிரித்தேன். தென்னை மட்டையின் அடியில் சல்லடைத் துணிபோலச் சுற்றியிருக்குமே, அந்தப் பன்னாடையைச் சொன்னாளாம். அதைக் கத்தரித்து ஜீப்பின் மேல் மறைப்பு வலையாகப் போட்டாள், குடிசைக்குக் கூரை வேய்ந்தாள். ஈர்க்கைப் பச்சை அடித்து மூங்கில் ஆக்கினாள். காய்ந்த டீத்தூள் மண்ணாகிவிட்டது. நெல்லி இலைகளைப் பசையில் தோய்த்து ஒவ்வொன்றாக மரத்தில் ஒட்டினாள். சித்தப்பா எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

"இன்னைலேர்ந்து நீ ஹவில்தார்."

ஒரு வருஷமாக நான் லான்ஸ் நாயக். எனக்கு மேலே நாயக், அதற்கும் மேலே ஹவில்தார். அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்று நினைத்து அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள்.

மறுநாள் ஓடையில் குனிந்து தண்ணீர் பிடிக்கும் சிப்பாய்க்குச் சித்தி வர்ணம் அடித்தாள். பிரஷில் ஒரு மயிரிழையை மட்டும் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மீசை வரைந்தாள். சித்தப்பாவின் மீசை. அதைப் பார்த்து இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கு கிடைக்கவில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அந்தச் சிப்பாயைப் பிடுங்கி என் ஜியோமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வந்தபோது சித்தப்பா தரையில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தார். ஓடைக்கரையில் இரண்டு பூட்ஸ் தடம் மட்டும் இருந்தது.

"பாப்பா, நீ பார்த்தியா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். சித்தி என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள், தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"நான்தாங்க... கூட்டும்போது தட்டி விட்டிருப்பேன். குப்பையோட போயிருக்கும்."

"அதெப்படி? வச்ச பொருள் வச்ச எடத்துல இருக்காதா இந்த வீட்டுல?" சித்தப்பா குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து, "ஒரு பொம்மைக்கா இவ்வளவு?" என்றாள் அம்மா. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சித்தி பொம்மைக்காட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

அடுத்த இரண்டு நாள் சித்தப்பா எனக்கே எனக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கூடத்தில் உட்காரவில்லை, அப்பாவோடு களத்துக்குப் போனார். முதல் நாள் சாயங்காலம் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு நன்னிலம் கடைத்தெருவில் பரோட்டா வாங்கித் தந்தார். ஆனால் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஏதாவது சொன்னால், "ம்" என்றார். பாதிப் பரோட்டாவை இலையிலேயே வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் சித்தி தனியாக, மூடிய துண்டின் பக்கத்தில் உட்கார்ந்து சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சுளகிலேயே சிப்பாயைப் போட்டேன்.

அவள் எடுத்துத் துடைத்தாள். மீசையைப் பார்த்தாள்.

"நெல்லு மூட்டைக்கு அடியில கெடந்துச்சு. நான்தான் கண்டுபிடிச்சேன். சரியா?"

நான் சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டேன்.

"உங்க சித்தப்பா மேல உனக்கு ரொம்பப் பிரியம்ல?"

இது என்ன கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று சாயங்காலமே துண்டு விலகியது. சிப்பாய் மறுபடி தண்ணீர் பிடித்தான். "நீயும் வா பாப்பா" என்று சித்தி நகர்ந்து இடம் விட்டாள். நான் போய் இருவருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

இப்போது எனக்குக் கல்யாணமாகி, என் கணவரும் கப்பல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கும் இந்த நாட்களில்தான் அந்தக் கூடம் எனக்குச் சரியாகத் தெரிகிறது. அத்தனை பேர் நடமாடிய வீட்டில், பட்டப்பகலில், புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அந்தக் காட்டை விட்டால் வேறு சாக்கு கிடையாது. அந்த வடகிழக்குக் காட்டில் சித்தப்பா எங்கே தூங்குகிறார், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்று அவள் ஒவ்வொரு இலையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். இருபது நாளில் இரண்டை நான் எடுத்துக்கொண்டேன். மிச்ச நாட்களில் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் கிளம்பிய அன்று திருவாரூர் ஸ்டேஷனில் நான் தரையில் விழுந்து அழுதேன். எல்லோரும் என்னைச் சுற்றி நின்று சமாதானம் செய்தார்கள். யாரோ பிஸ்கெட் வாங்கித் தந்தார்கள். சித்தப்பா ஜன்னல் வழியே என் தலையையே தடவிக்கொண்டிருந்தார். சித்தி தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டிவிட்டு ஒரு தூணோரம் போய் நின்றாள். வண்டி நகர்ந்தபோதும் அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

பார்த்தீர்களா, அவர்மேல் எனக்கு இருக்கும் பாசத்தில் பாதிகூட இவளுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை அந்தச் சந்தோஷம் எனக்கு இருந்தது.