நான் போகாத கல்யாணம்

எனக்கு என் கணவர்மேல் பொறாமை உண்டு. அறுபதை நெருங்கும் வயதில் கட்டிய புருசன்மேல் பொறாமைப்படுவதா என்று கேட்பவர்கள், அவரோடு ஐந்து கிழமை ஐரோப்பாவில் ரயிலில் சுற்றிவிட்டு வந்து கேட்கட்டும்.

அந்த வருடம் ஆஸ்திரேலிய டொலர் நல்ல உயரத்தில் இருந்தது. சிட்னியில், நாங்கள் இருக்கும் லிட்கமில் எங்களுக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் எங்காவது பறந்துகொண்டிருந்தார்கள். நாங்களும் போவதென்று முடிவானதும் நான் ஒரு ஃபைல் தொடங்கினேன். வைத்தியசாலையில் நோயாளர்களுக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பது என் வேலை. எனக்கு அப்படித்தான் வரும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு எந்த ரயில், எதைப் பார்ப்பது, எங்கே தங்குவது, எல்லாம் அதில் இருந்தன. அவர் இருபது வருடம் சிட்னியில் பஸ் ஓட்டியவர். மணிக்கூடு பார்த்தது போதும் என்று ஓய்வு பெற்றவர். அந்த ஃபைலை அவர் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

எந்த ஸ்டேசனில் இறங்கினாலும் மேடையில் கிடக்கும் ஒரு நீள வாங்கிலில் உட்கார்ந்துவிடுவார். நான் அவசரப்படுத்தினால், "அடுத்த ரெயின் வரும்தானே, ஏன் அந்தரப்படுறீர்?" என்பார். விட்டுவிட்டு ஏறவும் முடியாது. இரண்டு பெயரும் எழுதிய ஒரே ரயில் பாஸ். ஒருவரில்லாமல் மற்றவர் பயணம் செய்ய அது செல்லாது. மலிவாக இருக்கிறதென்று அதை வாங்கியதும் நான்தான்.

ஒஸ்திரியாவில் ஏரிக்கரையோரம் ஒரு சின்ன ஊர். பத்து மணிக்குக் கோட்டை பார்க்கப் பதிந்திருந்தேன். கால் நோகிறது என்று அவர் ஸ்டேசனிலேயே இருந்துவிட்டார். நான் மலையேறிப் போய், கயிறு கட்டி மறித்த நாலு கதிரைகளையும் ஒரு பழைய கட்டிலையும் பார்த்தேன். கோபுரத்தில் திருத்த வேலை என்று மேலே விடவில்லை. இரண்டு மணிக்கு மூச்சிரைக்க இறங்கி வந்தால் வாங்கில் வெறுமையாக இருந்தது. ரயிலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, சட்டைப் பையில் ஒரு பூவோடு ஆடி அசைந்து வந்தார்.

நடந்ததை ரயிலில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வரும் ரயில் பிந்திவிட்டதாம். பெண் வீட்டார் வாத்தியக்காரர்களோடு ரயில் மேடையில் காத்து நின்றிருக்கிறார்கள். பூச்செண்டு வைத்திருந்த கிழவர், கழிப்பறைக்குப் போவதற்காக அதை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போக, அந்த நேரம் பார்த்து ரயில் வந்துவிட்டது. மாப்பிள்ளை குதித்து இறங்கி, பூச்செண்டோடு நின்ற இந்தக் கறுத்த மனிதரைத்தான் முதலில் கட்டிப்பிடித்தானாம். பிறகு இவரை விடவேயில்லை. ஊர்வலத்தின் முன்வரிசையில் நடக்க வைத்து, தேவாலயம்வரை கூட்டிப்போய், சாப்பாடும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டேன். வயிறு எரிந்தது. திட்டம் போட்டவள் நான், அலைந்தவள் நான். ஐரோப்பாவைக் கண்டவர் அவர்.

திரும்பி வந்த பிறகு பக்கத்து ஹோம்புஷில் சிநேகிதர் வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாடு. நான் லப்டொப்பில் படங்கள் காட்டினேன். அறுபதாவது படத்துக்குள் ஆட்கள் தேத்தண்ணி போட எழுந்து குசினிக்குப் போய்விட்டார்கள். அவர் கல்யாணக் கதையைத் தொடங்கினார். எல்லோரும் கோப்பையோடு திரும்பி வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். நான் லப்டொப்பை மூடினேன்.

அடுத்த மாதம் வேறு மாநிலத்தில், கிளேட்டனில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்கு நான் ஒரு கிழமை முந்திப் போனேன். அவர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. "யூரோப் எப்பிடி அக்கா?" என்று அவள் கறியைத் துழாவிக்கொண்டே கேட்டாள். கோட்டையைப் பற்றிச் சொன்னேன். "ம்" என்றாள். அருங்காட்சியகம் சொன்னேன். அதற்கும் "ம்". அப்போது என்னை என்ன பேய் பிடித்ததோ தெரியாது.

"ஒரு ஸ்டேசனில நான் தனிய இருந்தனான்," என்று தொடங்கினேன்.

தங்கச்சி அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டாள். அவள் மகள் காதில் இருந்த வயரைக் கழற்றினாள். மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்தான். ஊர்வலத்தின் முன்னால் நான் நடந்தேன். தங்கச்சியும் மகளும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்காக யாரும் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடங்கள். அடுத்த நாள் பக்கத்து வீட்டு அன்ரிக்கும் சொன்னேன். அதற்குள் எனக்கே அது நடந்ததுபோல இருந்தது.

சனிக்கிழமை அவரை விமான நிலையத்தில் கண்டதும் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். தங்கச்சியின் புருசன் வேலை முடிந்த கையோடு அவரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நேரே சாப்பாட்டு மேசை. புட்டில் கை வைக்குமுன் தங்கச்சியின் மகள், என் பெறாமகள், தொடங்கினாள்.

"பெரியப்பா, யூ மிஸ்ட் த பெஸ்ட் பார்ட். பெரியம்மாவை அந்த மாப்பிள்ளை ஹக் பண்ணினதைப் பாத்திருக்கோணும்."

அவருடைய கை சாப்பாட்டுக் கோப்பையில் நின்றது. என்னைப் பார்த்தார். என் தங்கச்சிக்கு முன்னால், அவள் பிள்ளைக்கு முன்னால், நான் கள்ளியாகப் போகிறேன்.

"ஓம்," என்றார். "நான் அப்ப கோட்டை பாக்கப் போயிட்டன். ஒண்டுமில்லை அங்க, நாலு கதிரை."

மேசை சிரித்தது. எவ்வளவு சுலபமாகத் தன் கதையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது. அவர் புட்டைப் பிசைந்துகொண்டே தொடர்ந்தார்.

"எனக்கெண்டு அந்தக் கல்யாணக் கேக்கில ஒரு துண்டு சுத்திக் கொண்டு வந்தவ. ரெயின் வருகுது, இப்ப கேக்கோ எண்டு ஏசிப்போட்டு, நான்தான் அதை வாங்கிக் குப்பைக்குள்ள போட்டனான்."

"என்ன மனுசன் அத்தான் நீங்கள்," என்றாள் தங்கச்சி.

"பிழைதான்," என்றார் அவர்.

கேக்கைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை. அவரும் ஹோம்புஷில் சொல்லவில்லை. அன்று ஸ்டேசனில் கடதாசியில் சுற்றிய துண்டை நீட்டியது அவர் கை. பிடுங்கி எறிந்தது என் கை. வெட்கம் எனக்குப் பிறகுதான் வந்தது. அந்த மேசையில் முதலில் வந்தது பொறாமைதான். கல்யாணத்துக்குப் போன இடத்திலும் புருசனை நினைத்து ஒரு துண்டு கேக் சுற்றிக்கொண்டு வந்தாளே, அவர் சொன்ன அந்த மனைவிமேல்.