தாடி முளைத்த கார்

திருக்காட்டுப்பள்ளி பஞ்சநதம் தம் வாழ்நாளில் இரண்டை நரைக்க விட்டதில்லை. ஒன்று மீசை. இன்னொன்று காரின் கறுப்புப் பிளாஸ்டிக். இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் நாள். மீசைக்குச் சாயம் பூசிக்கொள்வார். அது காய்கிற நேரத்தில் காருக்கு எண்ணெய் தடவுவார். ஒருமுறை இரண்டும் இடம் மாறிவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. மனைவி மங்களாம்பிகை அதை மறுத்ததில்லை.

வாய்க்கால் கரையோரம் கொஞ்சம் நிலம், கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் ஒரு தோல்வி, மதிவதனி என்று ஒரே மகள். கார் வரும்வரை அவருடைய சரித்திரம் இவ்வளவுதான். அந்தக் கார் மேலே வெள்ளை, இடுப்புக்குக் கீழே கறுப்பு. பம்பர், சக்கரத்தின் மேல் வளைவு, கதவோரப் பட்டை எல்லாம் வண்ணம் பூசாத பிளாஸ்டிக். காட்டிலும் மலையிலும் ஓட்டுகிறவர்கள் கல்லடிக்குப் பயப்பட வேண்டாம் என்று அப்படிச் செய்தார்களாம். பஞ்சநதம் அதை ஓட்டிக்கொண்டு போன பெரிய காடு கல்லணை.

இரண்டு கோடை தாண்டியதும் கறுப்பு வெளுத்து, உப்புப் பூத்த தரைபோல் ஆனது. பஞ்சநதத்துக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போனார். அன்று பிரதோஷம். நந்திக்கு எண்ணெய்க் காப்பு நடந்துகொண்டிருந்தது. சாம்பல் பூத்துக் கிடந்த கருங்கல், எண்ணெய் பட்டதும் ஈரக் கறுப்பாக மினுங்கியது. பஞ்சநதம் சாமி கும்பிட மறந்து நின்றார். வீடு திரும்பியதும் அடுப்படிக்குள் போய் நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்தார். அதன் பிறகு அது அடுப்படிக்குத் திரும்பவே இல்லை.

மதிவதனி பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்தவள். ஓசூர்ப் பக்கம் கார் பம்பர் வார்க்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. மகள் பம்பர் செய்ய, அப்பா அதற்கு அபிஷேகம் செய்தார். அவள் போனில் விளக்கினாள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலை அரிக்கிறது, அதனால்தான் வெளுக்கிறது. எண்ணெய் அதைத் தடுக்காது. ஈரமாக இருக்கும்வரை கறுப்பாகக் காட்டும், அவ்வளவுதான். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார் ஷாம்பு போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவைத்து, அதற்கென்று விற்கிற பூச்சை மெல்லிசாகத் தடவ வேண்டும்.

பஞ்சநதம் கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரிம்மா. நல்லெண்ணெய் சூடு பண்ணிப் போடணுமா, பச்சையாவே போடலாமா?" என்றார்.

அவள் பூச்சு வாங்கி அனுப்பினாள். அவர் அதை ஒரு பட்டையில் தடவிப் பார்த்தார். மினுமினுப்பு வரவில்லை. மகள் ஏமாந்துவிட்டாள் என்று வருத்தப்பட்டு, அவள் மனம் நோகக் கூடாதென்று பாட்டிலை பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

அந்த வருஷம் மாசியில் நன்னிலத்தில் ஒரு கல்யாணம். மங்களாம்பிகையின் தங்கை கணவர், பஞ்சநதத்தின் சகலை நாகநாதன், மகள் கலைமகளைக் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை அழைப்புக்குத் தம்முடைய கார்தான் என்று பஞ்சநதம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். புறப்படும் காலையில் வழக்கத்தைவிட இரண்டு கை எண்ணெய் அதிகம் போட்டார்.

மாசி என்பது சம்பா அறுவடை முடிகிற மாதம். ஒழுங்கான களம் இருக்கிற ஊரில்கூட நெல் காய்வது தார்ச்சாலையில்தான். சாலையில் பாதி நெல்லுக்கு, மீதி வண்டிகளுக்கு. காயவைத்த இடத்திலேயே தூற்றுவார்கள். பதரும் தூசியும் வைக்கோல் துணுக்கும் காற்றில் பறக்கும். மற்ற வண்டிகளின் மேல் பட்டுப் பறந்துபோயின. பஞ்சநதத்தின் கார்மேல் பட்டவை பட்ட இடத்திலேயே குடியேறிவிட்டன. கல்யாண மண்டப வாசலில் கார் நின்றபோது பம்பர், வளைவு, பட்டை எங்கும் பொன்னிறத்தில் முடி அடர்ந்திருந்தது.

நாகநாதனுக்கு மைக் கிடைத்தால் போதும். "எங்க அண்ணன் காரு வயசுக்கு வந்துடுச்சு, தாடி மொளச்சிருக்கு பாருங்க" என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார். மாப்பிள்ளையை வேறொரு காரில் ஏற்றினார்கள். பஞ்சநதம் காரைக் கழுவாமல் கொண்டுவந்துவிட்டார் என்றே நாகநாதன் நம்பினார். பஞ்சநதமும் திருத்தவில்லை. எண்ணெய்மேல் பழி வருவதைவிடத் தம்மேல் வரட்டும் என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு உறவு வட்டாரத்தில் அந்தக் காருக்குப் பதிவு எண் தேவைப்படவில்லை. 'தாடிக் கார்' என்றால் போதும். அவர் சிரித்துக்கொள்வார். சிரித்துவிட்டு அன்று இரவு சாப்பிட மாட்டார்.

இந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காருக்கு எண்ணெய் போட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் நாற்காலியில் சாய்ந்தார். மதிவதனி ஊருக்கு வந்திருந்தாள். அவளே அதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நாடி பார்க்க விரலில் மாட்டுகிற கருவி எண்ணெயில் வழுக்கி வழுக்கி விழுந்தது. நர்ஸ் துடைத்துத் துடைத்து மாட்டினாள். கருவி விரலில் நின்றபோது காட்டுவதற்கு எதுவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த நாகநாதன், இலையிலிருந்து எழுந்ததும் காரைச் சுற்றி வந்தார். மங்களாம்பிகைக்கோ ஓட்டத் தெரியாது, மகளோ ஓசூரில். தையும் பிறந்துவிட்டது, ஒரு வழியும் பிறக்க வேண்டும். காரைத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நியாயமான பேச்சுத்தான். நியாயமான பேச்சைப் பேசும்போதும் அவர் உதட்டோரம் அந்தத் தாடிச் சிரிப்பு ஒட்டியிருந்ததை மங்களாம்பிகை கவனித்தாள்.

அவர் போனதும் மகளிடம் சொன்னாள்: "கார் போகட்டும்டி. ஆனா அந்த மனுஷன் வாயில தாடிங்கிற சொல்லு இன்னொரு வாட்டி வரக் கூடாது. உங்கப்பா மானத்தோட அனுப்பு."

மதிவதனி வேலையில் இறங்கினாள். கொட்டகை நிழலில் காரை நிறுத்தி, வெள்ளைப் பெயின்ட் ஓரமெல்லாம் டேப் ஒட்டினாள். ஷாம்பு நீர் முதலில் சேறாக ஓடியது, பிறகு தேநீராக ஓடியது. இடுக்குகளைப் பழைய பல் பிரஷ்ஷால் குடைந்தாள். குறுவைப் பதர் ஓர் அடுக்கு, சம்பாப் பதர் ஓர் அடுக்கு, நடுவில் எறும்பு, குங்குமம், ஒரு மல்லிகைக் காம்பு. பின்சக்கர வளைவின் உள்பக்கம் அவருடைய நான்கு விரல்களும் இழுத்த தடம் அப்படியே இருந்தது. பிரஷ் அங்கே வந்து நின்றது. செய்வதை அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவளுக்கு இல்லை. தேய்த்தாள். தேய்க்கும்போது அழுதாள். அது ஷாம்பு நீரோடு போயிற்று.

காய்ந்ததும், அம்மா சொன்னபடி பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து பூச்சை எடுத்துத் தடவினாள். பிளாஸ்டிக் கறுத்தது. மினுக்கம் இல்லாத, கையில் ஒட்டாத, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் கறுப்பு. அவள் அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் நாகநாதன் பட்டு வேட்டியில் வந்தார். இந்தக் காரிலேயே நேராகக் கலைமகளின் மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போவதாகத் திட்டம். சம்பந்திகள் முன்னால் இறங்க வேண்டும். காரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, செத்தவன் வீட்டுக் காரு மாதிரி மங்கிக் கெடக்கு?"

சொன்ன பிறகுதான் யார் வீட்டில் நிற்கிறோம் என்பது உறைத்தது. இருமினார். சட்டென்று பாசத்துக்கு மாறினார். "அண்ணன் இருந்தப்ப எப்படி மின்னும் தெரியுமா. மொகம் பாக்கலாம்."

"இதுதான் சரி சித்தப்பா. எண்ணெய் போட்டா தூசி ஒட்டும்" என்றாள் மதிவதனி.

"ஒன் படிப்பெல்லாம் ஃபேக்டரியோட வச்சுக்கம்மா. நாலு பேரு பாக்குற எடத்துல நம்ம முறைதான். உங்கப்பா கைப்பக்குவம் அப்படி. கழுவத்தான் சோம்பேறி. அதான் தாடி மொளச்சுது."

அந்தச் சொல் வந்துவிட்டது. மங்களாம்பிகை உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் நல்லெண்ணெய் பாட்டில் இருந்தது. அதை மகளிடம் நீட்டி, "சித்தப்பா ஆசப்படுறாரு. நல்லா தாராளமாப் போடு" என்றாள்.

மதிவதனி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் துக்கத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தெரிந்துவிடக் கூடாது என்பதில் அம்மா கவனமாக இருந்தாள்.

"சித்தப்பா, மறுபடியும் சொல்றேன். வேணாம்."

"போடும்மா."

தரம் பார்க்கிற வேலையில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: இரண்டு முறை எச்சரித்த பிறகும் வாடிக்கையாளர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். உள்ளங்கையில் ஊற்றி, அப்பா செய்வதுபோலவே நான்கு விரலால் இழுத்தாள். பம்பர், வளைவு, பட்டை. நந்திகூட அவ்வளவு மின்னியதில்லை. நாகநாதன் குனிந்து பம்பரில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு, காற்று வாங்கியபடி கிளம்பினார்.

கார் திருப்பத்தில் மறைந்தது. மதிவதனி கை கழுவப் போகவில்லை. அப்பாவின் நாற்காலியில், எண்ணெய்க் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"திருவையாத்து ரோட்டுல நெல்லு காயப் போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள் மங்களாம்பிகை.

"வழி நெடுக."

"தூத்துறாங்களா?"

"நேத்து தூத்துனாங்க. இன்னிக்குக் காத்தும் இருக்கு."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். பதினாறு நாளாக அவள் முகத்தில் இறுகியிருந்தது எதுவோ கொஞ்சம் இளகியது. அரிசி களைய உட்கார்ந்தாள்.

உலை கொதிக்கிற நேரத்தில் போன் அடித்தது. நாகநாதன் சித்தப்பா. மதிவதனி எடுக்கப் பார்த்தாள். விரல் திரையில் வழுக்கியது. இன்னொரு விரலை வைத்தாள். அதுவும் வழுக்கியது. அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று மங்களாம்பிகை எட்டிப் பார்த்தாள். சரியாகத் தெரியவில்லை.

"அடிக்கட்டும் விடு" என்றாள்.